வெடித்த மாம்பழ பாட்டில்களோடு பெங்களூரில் நான்கு நாள்

போன ஆனி மாதம் நான் பெங்களூருக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் வீட்டில் பாட்டில் வெடித்தது. ஏன் வெடித்தது என்று கேட்கப் போனேன். பயிர், பால், பழம் இவற்றைப் பற்றிப் பட்டப்படிப்பாகவே சொல்லித் தரும் விவசாயக் கல்லூரி ஒன்று அங்கே இருப்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், அது பிள்ளைகள் படிக்கும் இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், தூரம், கூலி எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து மூன்று மைலில் எங்கள் மாந்தோப்பு. இந்த வருஷம் காய்ப்பு அதிகம், விலை இல்லை. நானும் என் கணவரும் பழத்தைப் பிழிந்து காய்ச்சி பாட்டிலில் அடைத்துப் பார்த்தோம். நான் இண்டர்மீடியட் வரை படித்தவள். ஒரு பத்திரிகையில் வந்த குறிப்பை வைத்துக்கொண்டு துணிந்துவிட்டேன். சர்க்கரை ரேஷனில் மட்டுமே கிடைப்பதால் குறிப்பில் சொன்னதில் பாதிதான் போட்டேன். மொத்தம் நூற்றைம்பது பாட்டில். அதில் தொண்ணூற்றாறை ஓசூரில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்த பாட்டில் ஒன்றை என் கணவர் கையில் எடுத்தபோது அது வெடித்தது. கண்ணாடி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு தையல். திரும்பி வருவதற்குள் இன்னும் மூன்று வெடித்திருந்தன.

"ஓசூருக்குப் போனதும் இப்படி வெடிச்சா?" என்றார் அவர். "கல்யாண வீடு. குழந்தைங்க ஓடிக்கிட்டிருக்கும்."

"பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு அதெல்லாம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் கையில் வெடித்ததும் பார்க்க நல்ல பாட்டில்தான்.

காரணம் தெரியாமல் கல்யாண வீட்டுச் சரக்கைத் திருப்பிக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. அதனால் திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் நான் மட்டும் கிளம்பினேன். கூடையில் வைக்கோல், ஈரச்சாக்கு, உள்ளே ஆறு பாட்டில். ஒன்றில் தக்கை மேலே தூக்கியிருந்தது; மற்ற ஐந்தும் பார்க்கச் சாதுவாக இருந்தன.

யுத்தம் முடிந்தும் எங்கள் தடத்தில் இன்னும் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரி பஸ்தான். பெங்களூர் ஐம்பத்தாறு மைல். கட்டணம் ஒரு ரூபாய் பத்து அணா. சூளகிரி மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றபோது எல்லோரும் இறங்கி நடந்தோம். கூடையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறினேன். (பின் சீட்டில் உட்காராதீர்கள். கரி அடுப்பு அங்கேதான் இருக்கிறது, புடவையெல்லாம் கரி.) அத்திப்பள்ளிச் சாவடியில் மைசூர் சமஸ்தானத்து ஆள் ஏறி கூடையைத் திறக்கச் சொன்னார். தக்கை தூக்கிய பாட்டிலை மோந்து பார்த்தார்.

"ஏனம்மா இது? சாராய வாசனை பர்தாயிதே!" என்றார், வாசனை வருகிறதே என்று கன்னடத்தில்.

"மாம்பழ ரசம்ங்க. கெட்டுப் போச்சு. ஏன் கெட்டதுன்னு கேக்க எடுத்துக்கிட்டுப் போறேன்."

"கெட்டுப்போனதை யாராவது பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று கேட்டுவிட்டு, கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தபடி இறங்கிப் போனார்.

கலாசிப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. காக்ஸ் டவுனில் என் பள்ளித்தோழி எஸ்தர் டீச்சராக இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கினேன். ஜட்காவுக்கு எட்டு அணா. வண்டிக்காரர் பத்து கேட்பார், பேசிக் குறைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஹெப்பாள் பக்கம் கல்லூரிக்குப் போனேன். காக்ஸ் டவுனிலிருந்து ஐந்து மைல். பாதி வழியிலேயே ஊர் முடிந்து கேழ்வரகு வயல்கள் வந்துவிடுகின்றன. சாலை ஓரம் கேழ்வரகு முழங்கால் உயரம்; ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு எண் எழுதிய பலகை. பள்ளிக்கூட வாத்தியார் வரிசையில் நிற்க வைத்த மாதிரி பயிர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் இருந்த குமாஸ்தா என்னைப் பார்த்ததும், "பையன் அட்மிஷனா? அடுத்த மாசம் வாங்க" என்றார்.

"பையன் இல்லீங்க. பாட்டில்."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பழம், பால் பதனிடும் பகுதிக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருந்தவள் அலமேலு. மல்லேஸ்வரத்துப் பெண், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறாள், மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பும் எடுக்கிறாள். இருபத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. என் கூடையைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! விருந்தாளி பலகாரம் கொண்டுவந்தால் வருமே, அப்படி.

பன்னிரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு என்னைச் சுற்றி நிற்க வைத்தாள். "இவங்களைக் கேளுங்கோ" என்றாள். கேட்டார்கள். எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள்? கொதித்ததா, ஆவி வந்ததா? சூடாக ஊற்றினீர்களா, ஆறவிட்டா? பாட்டிலை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? தக்கையை? எனக்கு முதலில் போலீஸ் விசாரணை போல இருந்தது. போகப் போக வேறு ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம் சமைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்பதைத் தவிர, அதை நான் எப்படிச் செய்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே ஒவ்வொரு பதிலையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு தக்கை தூக்கிய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். கேழ்வரகு மணி மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. சில மணிகளில் ஒரு குட்டி மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஈஸ்ட். குட்டி போடறது பாருங்கோ" என்றாள் அலமேலு. "சர்க்கரையைத் தின்னு காற்றை விடறது. அந்தக் காற்றுதான் உங்காத்துக்காரர் கையைக் கிழிச்சது."

என் கணவரின் கையைக் கிழித்தவனை நேருக்கு நேர் பார்த்தேன். கோபம் வரவில்லை. அழகாகத்தான் இருந்தது.

மற்ற ஐந்து பாட்டில்களையும் அவள் வைத்துக்கொண்டாள். புதன்கிழமை மத்தியானம் போனபோது, "அஞ்சையும் மைக்ராஸ்கோப்புல பார்த்தாச்சு. ஈஸ்ட் ஒண்ணும் தெரியலை. கல்யாணச் சரக்கு சரியாத்தான் இருக்கும், பயப்படாதீங்கோ" என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வீட்டுக்குத் தந்தி கொடுத்தேன். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி, காப்பி குடித்து, கோவிலுக்குப் போனேன். இந்தப் பயணத்தில் நான் ஊர் பார்த்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. எஸ்தர் வீட்டு வாசலில் ஜட்கா வந்து நின்றது. அலமேலு வெள்ளைக் கோட்டோடே இறங்கினாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு" என்றாள், உள்ளே வருவதற்கு முன்பே.

அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். ஐந்து பாட்டில்களிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்திருந்தாளாம். காலையில் பார்த்தால் மூன்று குழாயில் நுரை.

"ஒரு சொட்டுல இல்லேன்னா பாட்டில்லயே இல்லேன்னு முடிவு கட்டிட்டேன். குழாயைப் பார்த்துட்டுத்தான் பேசியிருக்கணும். மாணவாளுக்கு தினம் இதைத்தான் சொல்றேன், நானே அவசரப்பட்டுட்டேன். வாங்கோ, ஓசூர் போகலாம். நானும் வரேன்."

"நீங்க எதுக்கு அவ்வளவு தூரம்?"

"சரின்னு சொன்னவ நான்தானே?"

பத்து மணி பஸ்ஸில் இடமில்லை. பன்னிரண்டரைக்குத்தான் கிடைத்தது. ஓசூர் இருபத்தைந்து மைல். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதித்தபோது, அந்தக் கல்யாண வீட்டில் எந்த அறையில், எத்தனை குழந்தைகள் நடுவில் அவை இருக்கின்றன என்பதே என் நினைப்பு.

பாட்டில்கள் பெண் வீட்டுப் பின் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. மூட்டைமேல் இரண்டு சிறுமிகள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, பெண்ணின் அப்பா முனுசாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இருண்டது.

"நாளைக்கு முகூர்த்தம், இன்னிக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்றீங்களே? காலையில ஒண்ணைத் திறந்து குடிச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அந்தச் சுருக்குதான் வியாதி" என்றாள் அலமேலு. "நேத்து இவங்ககிட்ட சரியா இருக்கும்னு நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

படித்த பெண் ஒருத்தி இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னதும் அவர் வழியை விட்டு விலகி நின்றார். அலமேலு ஒரு பாட்டிலை ஈரச்சாக்கில் சுற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்கையைத் தளர்த்தினாள். தக்கை பந்தல் கீற்றில் போய் அடித்தது. மஞ்சள் நுரை ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அவள் கோட்டெல்லாம் வழிந்தது.

முனுசாமி பந்தலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் வெளிய எடுங்கம்மா" என்றார்.

ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றித் திறந்து வாய்க்காலில் கொட்டினோம். ஒன்று மட்டும் சாக்குக்குள்ளேயே உடைந்தது, யாருக்கும் காயமில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. கல்யாண வீட்டார் மிச்சப்படுத்தி எங்களுக்குக் கொடுத்திருந்த ரேஷன் சர்க்கரையும் அந்த வாய்க்காலில்தான் போனது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மறுநாள் காலை அந்த ஊர்ப் பழத்தையே பிழிந்து, பந்திக்கு முன் புதிதாகப் பானகம் போலக் கலந்து கொடுத்தேன். அலமேலு அண்டா பக்கத்தில் நின்று தண்ணீர் கொதித்ததா என்று பத்துத் தடவை கேட்டாள். முனுசாமி எங்கள் இருவரையும் முதல் பந்தியில் உட்கார வைத்தார்.

காரணமும் பிடிபட்டது. நான் ரசத்தைக் காய்ச்சியது சரி. ஆறவிட்டு ஊற்றி, கிணற்றுத் தண்ணீரில் கழுவிய தக்கையால் மூடியது தவறு. சர்க்கரையைக் குறைத்ததும் அதற்குத் துணை போயிற்று. சூடாக ஊற்றி, மூடி, பாட்டிலோடு அரை மணி நேரம் வெந்நீரில் நிற்க வைக்க வேண்டுமாம். கொதிக்க வேண்டாம், கொதிக்கும் முன் உள்ள சூடு போதும்.

அந்தக் கல்லூரியின் கட்டடமும் கருவிகளும் பெரியவைதான். ஆனால் நான் வியந்தது அவற்றைக் கண்டு அல்ல. என் வீட்டுக்காரர் உட்பட நான் அறிந்த பெரிய மனிதர்கள் ஒருவரும், சொன்ன சொல்லை மறுநாள் காலையிலேயே ஜட்கா பிடித்து வந்து மாற்றிச் சொன்னதில்லை. இதையும் அங்கே பாடமாகத்தான் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், வகுப்பு தொடங்கினால் காத்திருக்க வேண்டும். ஆனியில் பெங்களூரில் மாலை மழை உண்டு, குடை அவசியம். நன்றாக வந்த சரக்கைக் கொண்டுபோய்ப் பெருமை தேடாதீர்கள். கெட்டுப்போனதைக் கொண்டு போங்கள், அதற்குத்தான் அங்கே மரியாதை. கேட்கும் கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள், கழுவாத தக்கையைக் கழுவினேன் என்று சொல்ல வேண்டாம். ஊரில் தங்க மட்டும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கிடைக்கும் பதிலோடு பஸ் ஏறிவிடாதீர்கள்.