அறுபது மீன்கள்

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம், சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலைத் தோணியைத் தள்ளும்போது காலிதீனின் கால் முறிந்தது. மூன்று மாதம் நிலத்தில் கால் ஊன்றக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருடமாகக் கடலோடு கிடந்த மனிதர் கட்டிலில் மல்லாந்து கிடந்து, மின்விசிறி சுழல்வதைப் பார்க்கத் தொடங்கினார். மனைவி ஹாஜறா கொண்டுவரும் சாப்பாட்டிலும் பாதி மிஞ்சியது, பேச்சும் குறைந்தது.

மகள் ஹிமாயா கொழும்புக் கம்பனியொன்றுக்கு வீட்டிலிருந்தே சொப்ட்வெயர் எழுதுபவள். வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு வெள்ளியும் சனியும் உட்கார்ந்து அவருக்கென்று ஒரு மீன்பிடி கேம் எழுதினாள். திரையில் விரலை இழுத்தால் வலை விரியும். கீரி மீன்கள் கூட்டமாக வரும். அகப்பட்ட மீன் வயிறு மேலே தெரியப் புரண்டு மறைந்துபோகும். அவளுடைய லெப்டொப்பில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. வாப்பாவின் பழைய போனில் போட்டுக் கொடுத்தாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் வந்தபோது வாப்பா போனைக் காதருகே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன வாப்பா?”

“நல்லாத்தான் இரிக்கி மகள். ஆனா மீன் நிறைய வாற நேரம் பாத்துக் கடல் நிண்டுபோகுது. திரும்பக் கடல் அசையக்குள்ள மீன் போயிரிது.”

ஹிமாயா தலையில் கைவைத்தாள். பிழை எங்கே என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மீன் வரும்போதும் புதிதாக ஒரு ஒப்ஜெக்டை உருவாக்கி, அது பிடிபட்டதும் எறிந்துவிடும்படி எழுதியிருந்தாள். எறிந்தவையெல்லாம் போனின் மெமரியில் குவியும். இடம் நிறைந்ததும் போன் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அந்தக் குப்பையைக் கூட்டும். அந்த நேரத்தில்தான் வாப்பாவின் கடல் நின்றுபோனது.

மறுநாள் காலையில் மாற்றி எழுதினாள். கேம் தொடங்கும்போதே அறுபது மீன்களை உருவாக்கி, திரைக்கு வெளியே ஒரு குளத்தில் வைத்தாள். தேவைப்படும்போது குளத்திலிருந்து ஒரு மீனை எடுப்பது, பிடிபட்டால் திரும்பவும் அங்கேயே விடுவது. புதிதாக உருவாக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம் என்று வாப்பாவுக்கும் விளக்கினாள்.

கடல் ஓடியது. பத்து நிமிடம் வாப்பா குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

“மகள், இஞ்ச வந்து பாருங்க. செத்த மீனெல்லாம் நீந்திது.”

பார்த்தாள். வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஒரு கூட்டம் ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹிமாயாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குளத்துக்குத் திரும்பும் மீனை நிமிர்த்திவிட மறந்திருந்தாள். பிடிபட்டது என்ற அடையாளமும் புரண்ட கோலமும் ஒட்டியபடியே அவை மறுபடி கடலுக்கு வந்துவிட்டன. உள்ளே விடும்போது ஒவ்வொரு மீனின் இடம், வேகம், அடையாளம் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும்படி நான்கு வரி எழுதினாள். மீன்கள் உயிர்பெற்றன.

“குளத்த விட்டு மீன் வருதெண்டீங்களே,” என்றார் வாப்பா மறுநாள். “மொத்தம் எத்தின இரிக்கி?”

“அறுபது.”

“நேத்தையில இரிந்து நான் ஆயிரத்துக்கு மேல புடிச்சிட்டனே.”

“அந்த அறுபதத்தான் வாப்பா திரும்பத் திரும்பப் புடிக்கிறீங்க.”

ஏமாற்றப்பட்டதாக நினைப்பாரோ என்று ஹிமாயாவுக்குக் கொஞ்சம் பயம். காலிதீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் முறிந்த பிறகு முதல் தடவையாக, கட்டில் அசையச் சிரித்தார்.

“அப்ப இவனுகளுக்கு என்னையத் தெரிஞ்சிருக்கணுமே. ஒருத்தனுக்கு வால மஞ்சளாக்கி விடுங்க. எத்தின தரம் என்னட்ட மாட்டுறானெண்டு பாப்பம்.”

ஹிமாயா ஒரு மீனுக்கு மட்டும் மஞ்சள் வால் வைத்தாள். எத்தனை தரம் பிடிபட்டது என்ற எண்ணையும் அதன் முதுகில் எழுதினாள். குளத்துக்குள் போகும்போது மற்றதெல்லாம் அழியும், அந்த எண் மட்டும் அழியாது. போனை அணைத்துப் போட்டாலும் கிடக்கும். அதை எழுதியபோது வந்த சந்தோசம் கம்பனி வேலையில் அவளுக்கு வந்ததில்லை.

அன்றிலிருந்து வாப்பா மஞ்சள் வாலனையே துரத்தினார். பார்க்க வந்த தோணிக்காரர்களிடம் அவன் குணத்தைக் கதைத்தார். ஓரமாகத்தான் வருவானாம், கூட்டத்தோடு சேரமாட்டானாம். அப்படியெதுவும் ஹிமாயா எழுதியிருக்கவில்லை.

மாவுக்கட்டு வெட்டும் நாளில் ஹிமாயாதான் ஓட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போன் வீட்டில் கிடந்தது. பகல் திரும்பி வந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாப்பா போனை எடுத்தார். முகம் மாறியது.

“காலையில ஆயிரத்தி நூத்திமுப்பத்தொண்டு. இப்ப ஆயிரத்தி நூத்தித்தொண்ணூறு. ஆரு என்ட மீனப் புடிச்ச?”

ஹிமாயா திரும்பிப் பார்த்தாள். குசினி வாசலில் உம்மா ஹாஜறா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

“சும்மா கிடந்திச்சி. எடுத்துப் பாத்தன்,” என்றார் உம்மா.

“அரை நாளைக்குள்ள அம்பத்தொம்பதா?”

“உங்களுக்கு வலை வீசத் தெரியா. மீனுக்குப் பின்னால போறீங்க. முன்னுக்குப் போடணும். தாங்க, காட்டுறன்.”

காலிதீன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.