பிந்தியாவின் இடது கை

மரம் பிளக்கிறவன் பிந்தியாவுக்கு இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு. மற்ற நான்கையும் தின்றவர் என் அப்பா தனாசே. ஊரில் கேட்டால் விபத்து என்பார்கள். அன்றைக்கு எங்கள் முற்றத்தில் ஓசிச் சாராயம் குடித்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

எங்கள் மலையில் கூரை என்றால் மர ஓடுதான். பச்சை மரத்தை ஈரம் காய்வதற்குள் ஆப்பு வைத்து இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளப்பார்கள். அப்புறம் நீளக் கத்தியை அதன் தலையில் வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் அடித்தால் ஓடு ஓடாகப் பிரிந்து வரும். ரம்பத்தால் அறுத்த ஓடு மழைத் தண்ணீரைக் குடித்து அழுகிவிடும். பிளந்த ஓடு அப்படி இல்லை, தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் நல்லபடியாகப் பிளக்கத் தெரிந்தவனுக்கு எங்களிடையே பாதிரியாருக்கு அடுத்த மரியாதை. அந்த மரியாதை முப்பது வருஷமாக என் அப்பாவுடையது.

பிந்தியா, ஆற்றுக்கு அந்தக் கரைக்காரன். தகப்பன் இல்லை, நோயாளித் தாய் மட்டும். பன்னிரண்டு வயதில் கொட்டாப்புளியைத் தூக்கியவன். பட்டையைப் பார்த்தே உள்ளே நார் நேராக ஓடுகிறதா முறுக்கிக்கொண்டு ஓடுகிறதா என்று சொல்லிவிடுவான். அப்பா பத்து மரத்தில் ஒன்றில் ஏமாறுவார், அவன் ஏமாந்து நான் பார்த்ததில்லை. ஆட்கள் அவனைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். அது முதல் குற்றம். இரண்டாவதாக, தனாசே மகள் வர்வாராவை, அதாவது என்னை, வந்து பெண் கேட்டான்.

அப்பா சிரித்தபடியே சரி என்றார். நான்தான் கிறுக்கி மாதிரி ஆடிப்போனேன். அவர் சிரித்தால் யாருக்கோ சனி பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மரம் பிளக்கிறவர் வீட்டில் பெண் எடுக்க ஒரு சோதனை உண்டு. முற்றத்தில் ஒரு பச்சைக் கட்டையைப் பாதி பிளந்து, வாய் மூடாமல் ஆப்பு வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை அந்தப் பிளவுக்குள் கையை விட வேண்டும். மாமனார் ஆப்பின் பக்கத்தில் பொய்யாக ஒரு தட்டு தட்டுவார். பயந்து இழுத்தால் பெண் கிடையாது. 'எடு' என்று அவர் சொன்ன பிறகு எடுத்தால் பெண் அவனுக்கு, சாராயம் ஊருக்கு. என் அக்கா புருஷன் கண்ணை மூடிக்கொண்டு அழுதே விட்டான், ஆனால் கையை இழுக்கவில்லை. யாருக்கும் ஒரு நகம் கூடப் போனதில்லை. காரணம், முதல் நாளே வீட்டுப் பெண் ஆப்புகளை அடுப்படியில் காய வைத்துச் சாம்பல் தடவி வைப்பாள். சாம்பல் பட்ட ஆப்பு மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். பனி பிடித்த ஆப்பு நிற்காது. உறைந்த பச்சை மரம் அதைத் துப்பிவிடும்.

முதல் நாள் சாயங்காலம் ஆப்புகளை உள்ளே எடுத்து வரப் போனேன். அப்பா தடுத்தார்.

"அத வெளியவே போட்டு வைம்மா."

"பனி பிடிச்சுக்குமேப்பா."

"பிடிக்கட்டும். நாளைக்கு வேற ஆப்பு வெச்சிருக்கேன். நீ போய் தலைய வாரு, பொண்ணா லட்சணமா இரு."

நம்பினேன். காலையில் பார்த்தால் கட்டையில் இருந்தது அதே இரண்டு ஆப்புகள். தலையில் வெள்ளையாக, மாவு தூவின மாதிரி உறைபனி.

ஊரே கூடியிருந்தது. நான் சாராயத் தட்டோடு கட்டைக்கு எதிரில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவுக்குச் சபையில் அவமானம், சோதனை நிற்கும், கல்யாணமும் நின்றுவிடும் என்று பயந்தேன். ஒரு தட்டுதானே, மெதுவாகத்தானே தட்டுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்ன மாப்ள, கை நடுங்குதா?" என்றார் அப்பா.

"குளிரு மாமா. உங்க பொண்ணு கையால ஒரு வாய் ஊத்துனா சரியாயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிந்தியா ஆப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கையை உள்ளே விட்டான்.

அப்பா தட்டவில்லை, அடித்தார். முதல் ஆப்பு தெறித்தது, பின்னாலேயே இரண்டாவதும். கட்டை வாயை மூடிக்கொண்டது. அவன் கத்தக்கூட இல்லை, முழங்காலில் விழுந்தான். எங்கள் சித்தப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஆப்பசைச்ச குரங்கு மாதிரில்ல மாட்டிக்கிட்டான்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பா நிதானமாகப் போய்க் காய்ந்த ஆப்பு ஒன்றை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தார். வேறு ஆப்பு இருக்கத்தான் இருந்தது. மூன்று அடிக்குப் பிறகு கட்டை திறந்தது. விரல்கள் விரல்களாக இல்லை.

நாலு நாள் கழித்து அவன் தாய் தள்ளாடித் தள்ளாடி எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"எம்புள்ள கைய இழுக்கலயே ஐயா. சோதனையில ஜெயிச்சுட்டான். பொண்ணக் குடுங்க."

அப்பா களியைப் பிட்டுத் தின்றுகொண்டே சொன்னார்: "நான் 'எடு'ன்னு சொன்னப்ப அவன் எடுத்தானா? எடுக்கலயே! ஊரக் கேளு."

ஊர் அதற்கும் சிரித்தது. கிழவி திரும்பிப் போனாள், வசந்தம் வரை கூட உயிரோடு இருக்கவில்லை. பனி உருகுமுன் என்னை ரம்ப ஆலைக்காரனுக்குக் கட்டி வைத்தார்கள். எனக்கு இருபது, அவருக்கு நாற்பத்தாறு.

பிந்தியா மணிக்கட்டில் தோல்வாரால் கத்தியைக் கட்டிக்கொண்டு மறுபடி பிளக்கப் பழகினான். இரண்டு வருஷம் ஆயிற்று. பழையபடி வேகம் வரவில்லை, ஆனால் ஓடு அதே ஓடுதான். பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பிள்ளைகள் "ஒத்தவெரலு" என்று கூப்பிடும், திரும்பிப் பார்ப்பான். அப்பா செத்தபோது ஊரோடு வந்து ஒரு கை மண்ணும் போட்டான்.

போன வருஷம் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. ஆலைக்காரர் வீடு அல்லவா, எல்லாம் ரம்பம் அறுத்த ஓடு! என் புருஷன் பிந்தியாவைத்தான் கூப்பிட்டார். வந்தான். அவன் கூரைமேல், நான் ஏணியில் நின்று ஓடு எடுத்துக் கொடுத்தேன். பதினெட்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஆப்புல பனி இருந்தத நீ பாக்கலயா?"

"பாத்தேன்."

"பாத்துமா கைய விட்ட?"

"உன்னயும்தான பாத்தேன். பேசாம நின்ன. பிளக்கறவர் வீட்டுப் பொண்ணாச்சே, அவளுக்குத் தெரியாததா, அடியில சாம்பல் தடவியிருப்பாளேன்னு விட்டேன்."

ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா பொய் சொல்லி என்னை ஏமாற்றியதை, நான் பயந்ததை, எல்லாம் சொன்னேன். அழுதேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவன் ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

"உங்கப்பாவ அப்பவே மன்னிச்சாச்சு, வர்வாரா. அவருக்கு என்னப் பிடிக்காது, செஞ்சாரு."

அதற்கு மேல், என்னைப் பற்றியும் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் ஆணியை அடித்து முடித்துவிட்டு, அடுத்த ஓட்டுக்காகக் கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய அந்தக் கையை என் பக்கம் நீட்டினான்.