அண்ணிக்குக் கட்டாத கக்கூஸ்

என் அண்ணன் ஏகாம்பரம் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப் போவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. உத்திரமேரூர்ப் பக்கம் பெருநகர் என்கிற எங்கள் கிராமத்தில் ஆறு ஏக்கர் நஞ்சை, பம்புசெட், இரண்டு ஜோடி மாடு. ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதல் ஆளாக நிற்பான். வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் அப்புறம் பார்க்கலாம் என்பான்.

அந்த ‘அப்புற’த்தில் மாட்டிக்கொண்டவள் அண்ணி சுலோச்சனா. காஞ்சிபுரம் டவுனில் பிறந்தவள். அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் உண்டு. பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மாப்ளே வூட்ல கக்கூஸ் கீதா?” அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தை பொறந்ததும் கட்டிடறோம் மாமா” என்றான். எந்தத் தை என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

அண்ணிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கிணற்றுக்குப் புது மோட்டார் வந்தது. மாட்டுக்கு ஓடு போட்ட கொட்டகை வந்தது. கக்கூஸ் மட்டும் வரவில்லை. கேட்டால், “வூட்டாண்ட அத்த கட்டினா லட்சுமி தங்குவாளா?” என்பான்.

“லட்சுமி மட்டும் எங்க போவாளாம்?” என்று அண்ணி ஒரு தடவை கேட்டாள். அன்றைக்கு அவன் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான்.

ஆகவே பெண்கள் நாங்கள் விடிவதற்கு முன்னால் செம்பும் கையுமாக ரோட்டோரத்துக் கருவேலங்காட்டுக்குப் போவோம். காஞ்சிபுரத்திலிருந்து வருகிற முதல் பஸ் அந்த நேரம் பார்த்துத்தான் அங்கே திரும்பும். வெளிச்சம் விழுந்ததும் எல்லாரும் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். பஸ் போனதும் உட்கார வேண்டும். பின்னாலேயே லாரி வந்தால் மறுபடியும் எழுந்து நிற்க வேண்டும். கலெக்டர் வந்தபோதுகூட எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு மரியாதை காட்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வரும். அண்ணிக்கு வராது. முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள், வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டாள். பகலில் அவசரம் வந்துவிடுமோ என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். அறுப்பு வெயிலில் உதடு வெடித்துக் கிடக்கும், அப்போதும் வெறும் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. 

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் காஞ்சிபுரத்துக் கல்லூரியிலிருந்து தானியேல் என்று ஒரு வாத்தியார் ஊருக்கு வந்தார். வெளிநாட்டு மாணவர்கள் கோடை விடுமுறைக்கு வருகிறார்களாம். நம் ஊராட்சி, நம் பழக்கவழக்கம் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமாம். உத்திரமேரூர்க் கோயிலில் குடவோலைத் தேர்தல் கல்வெட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் கிராமத்து வீடுகளில் தங்குவார்களாம். அரிசி மில் வரதன் உடனே ஒரு பையனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வரதனிடம் ஒன்று இருந்தால் அண்ணனிடமும் அது இருந்தாக வேண்டும்.

“நம்ப வூட்ல ஒரு பொண்ணு தங்கட்டும் சார்” என்றான்.

“பொண்ணுன்னா வீட்ல கண்டிப்பா கக்கூஸ் இருக்கணுமே” என்றார் தானியேல்.

“கீது சார்!” என்றான் அண்ணன். “அதாவது, அடுத்த வாரம் கீது.”

சொன்னபடி ஒரே வாரத்தில் முடித்தான். உத்திரமேரூரிலிருந்து சிமெண்ட், குழிக்கு உறை, வெள்ளை வெளேரென்று ஒரு பேசின். கொத்தனார் பெருமாளைச் சாப்பிடக்கூட விடவில்லை. மண் சுமந்து கொட்டியது யார்? அண்ணிதான். கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். அண்ணி அந்தக் கதவை லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

“தொடாத, இன்னும் காயல. விருந்தாளி வர்றவரைக்கும் யாரும் உள்ள போவக்கூடாது.”

அவனை ஒரு அறை விடலாமா என்றிருந்தது எனக்கு. கழுத்தில் தாலி கட்டியவள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனாள், அவளுக்கு இல்லை. முகம் தெரியாத எவளோ ஒருத்திக்கு ஒரு வாரத்தில்!

வந்தவள் டென்மார்க்கைச் சேர்ந்த இங்க்ரிட். ஒல்லியாக, உயரமாக, எதைப் பார்த்தாலும் கைகூப்பினாள். எங்கள் ஊரில் புதிதாக எதைக் கட்டினாலும் பூசை போடாமல் புழங்கக் கூடாது. மாட்டுக் கொட்டகைக்கே போட்டவன் இதை விடுவானா? கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினான். “இதுக்கெல்லாம் மந்திரம் கெடையாதுப்பா” என்று பூசாரி நழுவிவிட்டார். அண்ணனே கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, அந்தப் பெண்ணின் கழுத்தில் மாலை போட்டுக் கையில் செம்பைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

ஊரே கொல்லையில் நின்றது. இதுவும் நம் பழக்கவழக்கம்தான் என்று நினைத்தாளோ என்னவோ, பாவம், மாலையோடு உள்ளே போனாள். கூட்டம் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது. அவள் வெளியே வந்ததும் யாரோ கைதட்டினார்கள். “எல்லாம் சவுகரியமா இருந்துச்சான்னு கேளு தாயாரு” என்றான் அண்ணன் என்னிடம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த இங்கிலீஷில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் பழுத்த மிளகாயாகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கொல்லைப் பக்கம் தலையைக் காட்டியதுமே பக்கத்து வீட்டு மங்கம்மா, “வெள்ளக்காரம்மா போவுது, வாங்கடி!” என்று கூப்பிட்டாள். அதோடு சரி, இங்க்ரிட் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் விடியலில் நானும் அண்ணியும் கிளம்பியபோது இங்க்ரிட்டும் ஒரு செம்போடு பின்னால் வந்து நின்றாள். வேண்டாம் என்று ஜாடை காட்டினோம். அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். அவளும் நின்றாள். எங்கள் தலைகளுக்கு மேலே அந்தப் பொன் நிறத் தலை ஒரு முழம் தூக்கலாகத் தெரிந்திருக்கிறது. டிரைவர் வேதகிரி பதறிப்போய் பிரேக் போட்டுவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்தார்கள். இவள் என்ன செய்தாள்? பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தபடி கையாட்டினாள். கருவேலங்காட்டில் அண்ணி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். விழுந்து விழுந்து சிரித்தாள்.

செய்தி பஸ்ஸிலேயே உத்திரமேரூர் வரை போய்த் திரும்பிவிட்டது. மில் வாசலில் பத்துப் பேர் இருக்கும்போது வரதன் கேட்டானாம்: “இன்னா ஏகாம்பரம், கக்கூஸுக்குக் கற்பூரம் காட்டினியே, பொண்ணு காட்ல நின்னுக்கினு கீதாமே?” அண்ணன் வீட்டுக்கு வந்து மாட்டை அடித்தான்.

மறுநாள் உத்திரமேரூர்க் கோயிலுக்குப் போனோம். அண்ணியையும் கட்டாயப்படுத்தி இழுத்துப் போனேன். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த கதையைத் தானியேல் சொன்னார். சொந்த மனையில் வீடும் வரி கட்டுகிற நிலமும் இருந்தால்தான் பெயர் போடலாமாம். “அப்ப நான் நின்னுக்கலாம்” என்று அண்ணன் மீசையைத் தடவினான். இங்க்ரிட் கேட்டாள்: உங்கள் ஊரில் கடைசியாகப் பஞ்சாயத்துத் தேர்தல் எப்போது நடந்தது? அது நடந்து பல வருஷமாகியிருந்தது. தானியேல் ஒரு தூணைப் பார்த்தார். குடத்தில் பெண்கள் பெயர் போட்டார்களா? தானியேல் அடுத்த தூணைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மூன்றாவது கேள்வி: உங்கள் வீட்டில் அந்தச் சாவி ஏன் உன் அண்ணனிடம் இருக்கிறது, உன் அண்ணி ஏன் அங்கே போவதில்லை? இதற்கு என் இங்கிலீஷ் தாராளமாகப் போதும். அந்தக் கேள்வியைக் கோயில் முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னேன். இப்போது அண்ணன் தூணைப் பார்த்தான்.

அன்று இரவு சாப்பிட்டானதும் அண்ணியிடம் குழைந்தான். “நீ சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும். அத்த கக்கூஸுக்குப் போவ சொல்லேன். வெளியில தல காட்ட முடியல, பேஜாரா கீது.”

அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. “நான் போற எடத்துக்குத்தான் அவளும் வர்றா. நீங்களே சொல்லுங்க, நான் எங்க போவட்டும்?”

அண்ணன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து முறத்தில் வைத்துவிட்டு வெளியே போனான்.

அதற்கப்புறம் எங்களுக்குக் காடு இல்லை. அண்ணி பட்டப்பகலில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். மோர் குடித்தாள். மங்கம்மாவைக் கொல்லைப் பக்கமே அண்டவிடவில்லை. இங்க்ரிட் கிளம்பிய அன்று இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தானியேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அண்ணன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டான். “விருந்தாளிதான் போய்ட்டாளே, இனி எதுக்கு அது? யூரியா மூட்ட போட நல்ல எடம், ஒழுவாது.” கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நல்ல யோசனை என்று நினைத்துச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.  அவன் கதவைத் திறந்து உள்ளே பெருக்கி, திறந்தபடியே விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு போனான்.

மூட்டைகளோடு அவன் திரும்பியபோது வானம் இருட்டித் தூறல் போட ஆரம்பித்திருந்தது. கக்கூஸ் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினான்.

“யாரு உள்ள?”

“நான்தான்.”

“சீக்கிரம் வா, மூட்டயெல்லாம் நனையுது.”

“மெதுவாத்தான் வருவேன்.”

“அப்பிடி இன்னாடி பண்ற இவ்ளோ நேரம்?”

 அண்ணியின் குரல் உடைந்து வந்தது. “இந்த வூட்டுக்கு வந்ததுலேருந்து எழுந்து எழுந்து நின்னுக்கினே இருந்துட்டேன். கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கறேனே.”

  மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் குனிந்து சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, முதல் மூட்டையைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டான். வீட்டுக்குள் ஒழுகாமல் எல்லாவற்றையும் அடுக்க அவன் கட்டிலைச் சுற்றித்தான் இடம் இருந்தது. கார்த்திகை வரைக்கும் யூரியா நெடியில்தான் தூங்கினான்.