ஆறரை அடிச் சுவர்

பின்கட்டுக் குளியலறைக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. புதுத் தேக்கு விற்கிற விலை எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தூத்துக்குடியில், பழைய வீடுகளை இடித்து மரம் விற்கும் கடை ஒன்றில் சொல்லிவைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கதவு வண்டியில் வந்து இறங்கியது. (நேரம் குறிக்காமல் எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) நல்ல பர்மாத் தேக்கு. ஆசாரி அதைச் சுவரில் சாய்த்துவைத்து, கீல் அடித்திருந்த பக்கத்து விளிம்பைத் துணியால் துடைத்தார்.

"அண்ணாச்சி, இங்கன என்னமோ எழுதியிருக்கு. ஏளு, நாலு. பளைய ஆசாரி எவனாவது கிறுக்கியிருப்பான்."

குனிந்து பார்த்தேன். ஊதா நிறக் காப்பியிங் பென்சில். ஏழின் இடுப்பில் ஒரு சிறு கோடு. ஒன்றோடு குழம்பிவிடக் கூடாது என்று ஏழுக்கு இடுப்புக்கோடு போடுவது இருபது வயதிலிருந்து என் வழக்கம்.

"இருக்கும்" என்றேன். ஐம்பது வயதில், என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, என் கையெழுத்தை என்னுடையதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினால்தான் அந்த ஊதா எழும்பும். யுத்த காலத்தில், தூத்துக்குடி நகர அலுவலகத்தில் நான் அளவுக் குமாஸ்தாவாக இருந்தபோது, அளந்த கதவின் விளிம்பிலேயே அளவைக் குறித்துவைப்பேன்; சாயங்காலம் ஆனால் என் நாக்கு நாவல்பழம் தின்றது போல இருக்கும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு உதவியாக வந்த சுடலைமுத்துவுக்கு அதில் தீராத வேடிக்கை. உடன்குடிப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "ஐயா நாக்க நீட்டுங்க, எத்தன வீடு அளந்தோம்னு பாத்துச் சொல்லுதேன்" என்பார். நான் சிரிக்க மாட்டேன். அப்போது நான் சிரிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்த காலம்.

கொழும்பில் குண்டு விழுந்த பிறகு ராணுவ அதிகாரிகள் தங்குவதற்குப் பெரிய வீடுகள் தேவைப்பட்டன. கடற்கரைச் சாலையில் உள்ள மாளிகைகள் ஒவ்வொன்றையும் அளந்து வரைபடம் தரும்படி உத்தரவு வந்தது. அந்தச் சாலையை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். ஒருவர் ஆறு தூண் வைத்துப் போர்ட்டிகோ கட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டு வைப்பார். ஒருவர் வீட்டு முகப்பில் கடிகாரம் என்றால் அடுத்தவர் வீட்டில் நங்கூரம் சுமக்கும் இரண்டு தேவதைகள். சுவரெல்லாம் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். (வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது.) ஆனால் கல்லுக்குள் இருந்த உப்பு சும்மா இருக்காது. ஐப்பசி பிறந்தால் அத்தனை பெரிய மாளிகைகளும் இடுப்பளவு வியர்த்து நிற்கும்.

அந்த வரிசையில் ஐந்தாவது, பச்சைக் கண்ணாடி வீடு. ஒவ்வொரு வாசலுக்கு மேலும் அரைவட்டமாகப் பச்சைக் கண்ணாடி பதித்திருந்ததால் அந்தப் பெயர். காலை வெயிலில் தரை முழுக்கப் பாசி படிந்தது போல இருக்கும். முத்துக்குளிப்பில் மூன்று தலைமுறை செழித்த கத்தோலிக்கக் குடும்பம். நான் போனபோது கணவரை இழந்த ஓர் அம்மாவும் பத்தொன்பது வயது மகளும் ஒரு சமையல்காரியும்தான் இருந்தார்கள். அந்த அம்மாவின் மாமனார் சேர்த்த முத்து முழுவதும் அந்த வீட்டுச் சுவர் ஒன்றுக்குள் இருக்கிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. மீன் ஏலம் விடுகிறவர்கூட அதைத் தன் கண்ணால் பார்த்தது போலச் சொல்வார். மகளுக்குக் கொழும்பில் வியாபாரம் செய்யும் ஒரு பெரிய குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சம்பந்தம் அந்தச் சுவரை நம்பி வந்தது என்பதும் ஊருக்குத் தெரியும்.

முதல் நாள் எங்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக வரச் சொன்னார்கள். முன்வாசலில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். எனக்கு அது போதவில்லை. ஆழ்வார்திருநகரியில் பள்ளிக்கூட ஆசிரியர் மகன், கணக்கில் முதல் மார்க், என்னைப் பக்கவாட்டுக் கதவிலா விடுவது என்று மனதுக்குள் புழுங்கினேன். அதை இங்கே எழுதிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கு என் நேர்மை மட்டுமே காரணம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

இரண்டாம் நாள் மச்சு. சாலையைப் பார்த்த நீண்ட வராந்தா, அதை ஒட்டி வரிசையாக நான்கு அறைகள். சுடலைமுத்து வெற்றிலை வாங்கப் போயிருந்த நேரம். சர்பத் கொண்டுவந்த மகள், தானாகவே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் இளுக்கவா சார்?" என்று கேட்டுக்கேட்டு இழுத்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. வராந்தாவின் நீளத்தையும் அறைகளின் நீளத்தையும் கூட்டிப் பார்த்தேன். நான்கு அடி உதைத்தது. திரும்ப அளந்தேன். அப்போதும் நான்கு அடி.

மற்றச் சுவர்கள் எல்லாம் இரண்டரை அடி. இரண்டாம் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் இடையில் இருந்த சுவரில் மட்டும் வாசலே இல்லை. அதன் தடிமன் ஆறரை அடியாக இருந்தால் கணக்கு சரியாகிவிடும். ஆறரை அடியில் கோட்டைக்குத்தான் சுவர் வைப்பார்கள்.

நான் மூன்றாம் தடவை அளப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா வந்தார். மகளைக் கீழே அனுப்பினார். குரல் உயரவில்லை.

"தம்பி, அந்தச் சொவரு ஆறரை அடின்னு எளுதிக்கிடுங்க. வார மாசம் மகளுக்குக் கல்யாணம். அதுக்குப் பெறவு நீங்க என்னத்த வேணும்னாலும் இடிங்க."

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்றால் திறந்து காட்டுவதில் என்ன சங்கடம் என்றேன். என் குரலில் இருந்த மிடுக்கு இப்போதும் காதில் விழுகிறது.

"ஒண்ணுமில்லங்கதுதான் தம்பி தெரியக் கூடாது."

புரியவில்லை என்று சொன்னால் அது பொய். மாடிப்படியில் பாதி இறங்குவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அவரிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: "இல்லாத தடிமனை எப்படியம்மா எழுதுவது?" அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. புரிந்த பிறகும் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வெளியே வந்ததும் சுடலைமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். "நாலடி கூடுனா என்ன, கொறஞ்சா என்ன? கடலு பொங்கி ஊருக்குள்ள வந்துருமா? எளுதிப் போட்டுட்டுப் போவீரா, அங்கன போயி அரிச்சந்திரன் வேசம் கட்டுதீரு." அதுவரை என்னை ஐயா என்றவர், அன்றிலிருந்து நீர், உம்ம என்றே பேசினார்.

வரைபடத்தில் அந்த நான்கு அடியைச் சிவப்பு மையில் கட்டம் போட்டு, 'விளக்கம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் என் மேலதிகாரியான ஓவர்சியர் என் தோளில் தட்டினார். அது அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். மறைவான அறை என்றால் பதுக்கல் என்றுதான் முதலில் தோன்றும். நான்காம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இரண்டு கொத்தனார்களோடு வந்தார். சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். சாலையில் நாற்பது பேர் நின்றார்கள்.

பவளக்கல் உடையும்போது புழுங்கிய கடல் வாடை வந்தது. உள்ளே ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவுக்கு இடம். ஒரு மரப்பலகை. அதன்மேல் முத்துச் சலிக்கும் பித்தளைச் சல்லடைகள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, பச்சை பிடித்து. அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தூக்கி உதறிப் பார்த்தார். பிறகு, சொல்லப்பட்ட முத்தெல்லாம் எங்கே என்று கேட்டார். அது அவருடைய வேலையே இல்லை. ஆனாலும் கேட்டார்.

"நீங்க நிக்கிய மச்சுதான் ஐயா அந்த முத்து" என்றார் அந்த அம்மா. "மாமனார் காலத்துலயே வித்துக் கட்டியாச்சி."

சாட்சிகளில் ஒருவர் சிரித்தார். மகள் வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கையில் சுருட்டிவைத்திருந்த டேப்பைத்தான் பார்த்தாள்.

யுத்தம் முடியட்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்ததாகச் சொன்னார்கள். யுத்தம் முடிந்தது. கடிதம் வரவில்லை. ராணுவம் கடைசியில் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளவும் இல்லை. கார் நிறுத்த இடம் போதாது என்று சொல்லி எதிர்வரிசையில் வேறொன்றை எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் தாயும் மகளும் புன்னைக்காயலில் உறவினர் வீட்டோடு போய்விட்டதாகச் சுடலைமுத்து சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கேட்கும்படி வேறொருவரிடம் சொன்னார். புன்னைக்காயல் என் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவையும் போகவில்லை.

கதவு வந்த அன்று சாயங்காலம் அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. மாடிப்படி முப்பத்தொன்று. மச்சுக் கதவின் உயரம் ஏழடி நான்கு அங்குலம். ஒவ்வொரு சன்னலின் அகலம். பச்சைக் கண்ணாடிகளின் விட்டம். 'இல்லாத தடிமனை எப்படியம்மா எழுதுவது' என்ற என் வாக்கியம், அடிக்கோட்டோடு. ஓவர்சியர் சபாஷ் என்று சொன்னதும் உண்டு. அந்த அம்மா கேட்டுக்கொண்டது மட்டும் இல்லை. அவர் பெயரும் இல்லை, படிவத்தில் இன்னாரின் மனைவி என்று எழுதினால் போதும் என்றிருந்தது, எனக்கும் அது போதுமாக இருந்திருக்கிறது. டேப்பைப் பிடித்த பெண்ணைப் பற்றி ஓர் எழுத்துகூடக் கிடையாது. இரண்டாம் நாள் குறிப்பில் 'உதவி: சுடலைமுத்து' என்று இருக்கிறது. அவர் அப்போது வெற்றிலைக் கடையில் இருந்தார்.

மறுநாள் ஆசாரி வந்து, வாசலுக்குத் தக்கபடி கதவைக் குறைத்தார். விளிம்பை இழைத்துவிடவா என்று கேட்டார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் இழைப்புளி ஓடிவிட்டது. ஊதா படிந்த சுருள் ஒன்று தரையில் விழுந்தது. சாயங்காலம் மற்றதோடு சேர்த்து அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு போனார்கள்.

நேற்று தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். வரிசையில் ஐந்தாவது மனையில் உப்பு மூட்டைக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். நான்காவதும் ஆறாவதும்கூட இல்லை. சாலையிலிருந்து பார்த்தால் தடையில்லாமல் கடல் தெரிகிறது. திரும்பி வந்து நாட்குறிப்பில் தேதியும் நேரமும் போட்டேன். அதன்கீழே எழுதினேன்: 'பச்சைக் கண்ணாடி வீடு. மச்சு. இரண்டாம் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் இடையில் உள்ள சுவர், தடிமன் ஆறரை அடி. அளவு சரி.'