உடுப்பு என்று சொன்ன பெட்டி

என் மகனுடைய உடலும் அவன் சுட்ட விலங்கின் இறைச்சியும் ஒரே விமானத்தில் ஏற்றப்பட்டன. இரண்டுக்கும் நானே கையொப்பமிட்டேன். உடலைப் பற்றி எனக்கு அச்சம் இருக்கவில்லை. அதற்கு இனி எதுவும் நேர முடியாது. இறைச்சியைப் பற்றியே அஞ்சினேன்.

அவன் வடக்கே, யூகோனில், வீதி அமைக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளனாக இருந்தான். உறைபனி படிந்த ஒரு வளைவில் அவனது வாகனம் வழுக்கியது. அதற்கு மேல் இங்கே எழுதுவதற்கில்லை. அந்த இலையுதிர்காலத்தில்தான் அவன் முதன்முதலாக ஒரு மூஸ் சுட்டிருந்தான். குதிரையிலும் உயர்ந்த, அகன்ற கொம்புடைய காட்டு மான். தொலைபேசியில் தாய்க்கு அதை விளக்க முயன்று களைத்து, “அம்மா, இது உங்கடை மரைக்குப் பெரியண்ணை” என்றான். வன்னியில் காட்டு மரைமானின் வற்றல் தின்று வளர்ந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குக் கொண்டு வருவதாகவும், அவள் கறி வைக்க வேண்டும் என்றும், மணம் தாங்காமல் அப்பா வீட்டை விட்டு ஓடுவார் என்றும் சொல்லிச் சிரித்தான். நான் பிறந்ததிலிருந்து மரக்கறி மட்டுமே உண்பவன். ரொறன்ரோவை அடுத்த எங்கள் விட்பி வீட்டில் மீனும் இறைச்சியும் கராஜில் தனி அடுப்பில்தான் வேகும்.

செய்தி வந்த பின் அவனைக் கொண்டுவர நான் புறப்பட்டபோது, வாசலில் நின்ற மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அவன்ரை இறைச்சியையும் கொண்டு வாங்கோ. எட்டுக்குப் படைக்க வேணும்.”

எங்களவரின் வழக்கம் அது. மற்ற நாட்களில் சாவீட்டில் மரக்கறிதான். எட்டாம் நாளில் மட்டும் இறந்தவர் ஆசைப்பட்டு உண்டவற்றை, மீன், இறைச்சி என்று மச்சமானாலும் மதுவானாலும், சமைத்துப் படைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். படைக்கும் வரை அந்த உணவை யாரும் ருசி பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதுமில்லை. பிறகு எல்லோரும் உண்பார்கள்.

யூகோனில் மகனோடு வேட்டைக்குச் சென்ற வேலைத்தோழன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தான். கல்லாக உறைந்த இறைச்சிப் பொதிகளை ஒரு கூலர் பெட்டியில் அடுக்கி, மூடியைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தான். கொம்பில் தசையோ இரத்தமோ மிஞ்சாதபடி மண்டையோட்டை அவித்துச் சுரண்டியிருந்தான். கூர்முனைகள் பிறருடைய பயணப்பெட்டிகளைக் கிழிக்காதிருக்க, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றிலும் செருகியிருந்தான். மாகாண எல்லையைக் கடப்பதற்கான அனுமதியும் எடுத்து வைத்திருந்தான். குறையேதும் இல்லை.

ஆனாலும் எனக்குப் பயம். ஊர்ச் சோதனைச்சாவடிகளில், பத்திரங்கள் சரியாக இருக்கும்போதே பயப்படக் கற்றவர்கள் நாங்கள். சீருடை அணிந்த ஒருவர் என் பெட்டியைத் தொட்டுத் ‘திற’ என்றால், இவ்வளவு காலத்திற்குப் பிறகும் என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடும். அந்த நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி ஸ்காபரோவிலிருந்து அழைத்தான். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் கருவாட்டை உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு வந்து சுங்கத்தைக் கடந்த அனுபவசாலி.

“அத்தான், இறைச்சி எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ. பறிச்சுப் போடுவாங்கள். உடுப்பு எண்டு சொல்லுங்கோ, அவ்வளவுதான்.”

இது உள்நாட்டுப் பயணம், இதில் சுங்கமே கிடையாது, வேட்டை இறைச்சி கொண்டு செல்வது அங்கே நாளாந்த நிகழ்ச்சி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் வாழ்நாள் முழுவதும் இரசாயனவியல் கற்பித்தவன். இருந்தும், தோழன் கொம்பை எடுத்துவர வாகனத்துக்குப் போயிருந்த வேளையில், விமான நிலையக் கருமபீடத்துப் பெண் பெட்டிக்குள் என்ன என்று சாதாரணமாகக் கேட்டபோது, என் வாய் “உடுப்பு” என்றது. அவள் தலையசைத்தாள். பெட்டி ஓடும் பட்டையில் ஏறி மறைந்தது.

வான்கூவரில் விமானம் மாறவேண்டும். மழையும் மூடுபனியுமாகப் பயணங்கள் தாமதமாகிக்கொண்டிருந்தன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பொதி வண்டிகள் நனைந்தபடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஒரு நீளப்பெட்டி மிக மெதுவாக ஏற்றப்பட்டது. பக்கத்தில் நின்ற பணியாளர் தொப்பியைக் கழற்றினார். அது யாரென்று எனக்குத் தெரியும். கூலரை நான் காணவில்லை.

ரொறன்ரோவில் மகனை இறுதிச்சடங்கு நிலையத்தார் சரக்குப் பகுதியில் பொறுப்பேற்றார்கள். பெரிய பொதிகள் வரும் கதவருகே மைத்துனனும் நானும் நின்றோம். கொம்பு வந்தது. ஒரு சிறுமி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பட்டை நின்றது. பெட்டி வரவில்லை.

பொதிப் பிரிவில் இருந்தவர் கணினியைப் பார்த்து, வான்கூவரில் தங்கிவிட்டது, இடமிருக்கும்போது அனுப்புவார்கள் என்றார். உணவு என்று அடையாளம் ஒட்டியிருந்தால் முதலில் ஏற்றியிருப்பார்கள். இதில் உடுப்பு என்றுதானே இருக்கிறது, அவசரமா என்று மரியாதையாகவே கேட்டார். அவசரம் என்றேன். பொய்யை ஒப்புக்கொண்டால் பறித்துவிடுவார்களோ என்ற பயத்தில், உள்ளே இருப்பது இறைச்சி என்று அப்போதும் சொல்லவில்லை. மைத்துனன் கொம்பைத் தூக்கிக்கொண்டு வாகனத்தை நோக்கி நடந்தான்.

அதன் பின் நடந்த சடங்குகளில் என் உடல் மட்டுமே இருந்தது. வாய்க்கரிசி போடும்போதும், தகனசாலையில் பொத்தானை அழுத்தும்போதும், எங்கோ ஒரு சூடான மண்டபத்தில் அந்தப் பெட்டி இருப்பதையே நினைத்தேன். மனைவி அழவில்லை. சரியாக உண்ணவுமில்லை. வருபவர்களிடம், எட்டுக்குப் பிள்ளை சுட்டதைத்தான் காய்ச்சப்போகிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது கிடைக்காவிட்டால் இவளையும் இழந்துவிடுவேன் என்ற பயம் எனக்கு.

எட்டாம் நாள் காலையில் விமான நிறுவனத்தின் வான் வண்டி ஒன்று வந்து பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனது. கராஜுக்குள் இழுத்து நாடாவை வெட்டினேன். மேல் பொதிகள் தளர்ந்திருந்தன. மூலையில் இளஞ்சிவப்பாக நீர் தேங்கியிருந்தது. அடியில் கையை விட்டேன்; குளிர் இருந்தது, உறைவு இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வழக்கத்தை மறந்து, குனிந்து முகர்ந்தேன். நல்ல இறைச்சியின் மணம் எது, கெட்டதன் மணம் எது என்று எனக்குத் தெரியாது. புரதம் எவ்வாறு சிதைகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவனுக்கு, கையிலிருப்பதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. உருகியிருக்கிறது, எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, நான் உடுப்பு என்று சொன்னதால் வந்தது என்றேன்.

“நான்தான் சொல்லச் சொன்னனான் அக்கா,” என்றான் மைத்துனன். “விடுங்கோ. கடையிலை நல்ல ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வாறன். பிள்ளையளும் சாப்பிடுற வீடு.”

“ஆட்டை அவன் சுட்டவனே?”

“அப்ப ஒருக்கா மோந்தாவது பாருங்கோ.”

“படைக்கிறதை மோக்கக் கூடாது.”

அவள் அடிப்பொதிகளை மட்டும் பிரித்தெடுத்தாள். மேலே இருந்தவற்றைத் தொடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி இறைச்சியை வெட்டியதைக் கண்டதும் அதுவும் போயிற்று. சுவரோரம் கொம்பு சாய்ந்திருந்தது. அதன் முனைகளில் பச்சைக் குழாய்த் துண்டுகள் அப்படியே இருந்தன. மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் கொதிக்கத் தொடங்கிய பின் வேறெந்த மணத்தையும் பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று.

மாலையில் அவனது படத்தின் முன் வாழையிலை போட்டு, அவன் விரும்பிய எல்லாவற்றோடும் அந்தக் கறியையும் வைத்தாள். கதவைச் சாத்தினோம். கூடத்தில் உறவினர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பசித்த சிறுபிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பைகளோடு காத்து நின்றார்கள். நான் அந்தக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று இதை யாரும் உண்ணவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிள்ளைக்குக் கெட்டுப்போனதைப் படைத்தவள் என்று அவள் தன்னைத்தானே வாழ்நாள் முழுவதும் தண்டிப்பாள். சொல்லாவிட்டால், இந்தப் பிள்ளைகள்.

கதவைத் திறந்து கறியை வெளியே எடுத்து வந்தபோது நான் கோப்பையை நீட்டினேன்.

அவள் நின்றாள். “இது மரை. உங்களுக்குச் சோறும் பருப்பும் வேறையா வைச்சிருக்கிறன்.”

“தெரியும். முதல் எனக்குப் போடும்.”

ஏன் என்பது அவளுக்கு விளங்கிற்று. கரண்டி சட்டியின் விளிம்பில் தட்டுப்பட்டுச் சத்தமிட்டது. அவள் சட்டிக்குள் தேடிச் சிறிய துண்டுகள் இரண்டை மட்டும் எனக்குப் போட்டாள். அவளும் இத்தனை நேரமும் அஞ்சிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். அது நாரும் கனமுமாக, என் நாவுக்கு முற்றிலும் அந்நியமாக இருந்தது. மென்றேன். புளிப்பு இல்லை. கசப்பு இல்லை. இன்னொரு துண்டை எடுத்து மீண்டும் மென்றேன், இம்முறை மெதுவாக. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்பிடி?” என்றாள்.

“உப்புக் கொஞ்சம் காணாது,” என்றேன்.

அவள் சட்டியை என் கையில் தந்துவிட்டு உப்பு எடுக்கக் குசினிக்குப் போனாள். அங்கிருந்து, முதல்முறையாக, அவள் அழும் சத்தம் கேட்டது.