கரடியூர் பனிமூட்டத்தில் மதி காட்டிய சைகை

டிசம்பர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை ஏற்காடு போய்வந்தோம். நான், கணவர் சரவணன், மகள் மதி. மதிக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் படகும் பூங்காவும் வேண்டாம், காட்டு வழியில் நடக்க வேண்டும் என்று சைகையில் சொன்னாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கருவி போட்டால் ஓரளவு கேட்கும். காடு என்றதுமே எனக்குத் தயக்கம்தான்.

சேலத்தில் காலை ஆறரைக்குப் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மதி வாந்தி எடுப்பாளோ என்று பையோடு காத்திருந்தேன். கடைசியில் எடுத்தது நான்தான். எட்டு மணிக்கு ஏரி அருகே இறங்கி, அரை நாளுக்கு எழுநூறு ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் பெயர் அந்தோணி.

முதலில் கிளியூர் அருவி. படிகளெல்லாம் ஈரம். வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் நான் அருவியையே சரியாகப் பார்க்கவில்லை. பதினொன்றே காலுக்குக் கரடியூர். காட்சிமுனையில் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை. தூறல் விழுந்ததால் மதியின் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். பனி விலகட்டும் என்று சரவணன் கேமராவோடு அங்கேயே நின்றுவிட, பக்கத்துக் காப்பித் தோட்டத்து மண்பாதையில் நாங்கள் இருவரும் நடக்கலாம் என்று கிளம்பினோம்.

"ஏனுங்க, காட்டெருமை நடமாட்டம் இருக்குதுங்க. நொம்பத் தூரம் போயிராதீங்க," என்றார் அந்தோணி.

அப்போதே திரும்பியிருக்கலாம். மதியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

ஐந்து நிமிட நடை. சிவந்த காப்பிப் பழங்களைப் பார்த்தபடி மதி முப்பது அடி முன்னால் போய்விட்டாள். செடிகள் சரசரத்தன. எங்கள் இருவருக்கும் நடுவே பாதையில் ஒரு காட்டெருமை ஏறி நின்றது. கறுத்த உடல், முழங்கால் வரை வெள்ளை. அது என்னைத்தான் பார்த்தது. மதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டாலும் கேட்காது. என் கால்கள் தாமாகவே அவளை நோக்கி நகர்ந்தன. அது தலையைத் தாழ்த்தி மூச்சுவிட்டது.

அப்போது மதி திரும்பினாள். ஓடவில்லை. உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தினாள்: நில். நான் பதற்றத்தில், மரத்துக்குப் பின்னால் போ என்று கையை ஆட்டினேன். அவள் தலையசைத்து மறுத்து, மெதுவாக, ஒவ்வொன்றாகக் காட்டினாள். குட்டி. உனக்குப் பின்னால். இடது பக்கம்.

கழுத்தை மட்டும் திருப்பினேன். பத்தடியில், செடிகளுக்குள், செம்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நின்றது நான். ஆபத்து மதிக்கு அல்ல, எனக்கு.

மேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தணிந்த குரலில், "பாப்பா காட்டறது சரிதானுங்க. ஓடாதீங்க. வலப்பக்கமா ஒவ்வொரு எட்டா ஒதுங்குங்க," என்றார்.

ஒதுங்கினேன். எட்டு எட்டுகள். ஒரு மரத்தின் பின்னால் போனதும் தாய் என்னைத் தாண்டிக் கன்றிடம் போனது. மண்ணின் அதிர்வு காலில் தெரிந்தது. இரண்டும் சரிவில் இறங்கி மறைந்தன.

மதி ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகுதான் அவள் உடம்பும் நடுங்குவது தெரிந்தது. அந்தப் பெண் இறங்கி வந்து, "பயந்துக்காத சாமி, போயிருச்சு," என்று அவள் தலையைத் தடவினார். மதிக்குக் கேட்காது என்று சொன்னேன். அவர் மடியிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

காட்சிமுனையில் நின்ற சரவணனை அழைத்துக்கொண்டு, இரண்டு மணி பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பனி இருந்தால் தோட்டப் பாதைகளில் நுழையாதீர்கள். உள்ளூர்க்காரர் போகாதே என்றால் போகாதீர்கள். காட்டெருமையைக் கண்டால் ஓடாமல், கத்தாமல் பக்கவாட்டில் விலகுங்கள். அதற்குமேல் ஒன்று: முன்னால் போகும் பிள்ளை திரும்பி நின்று எதையாவது காட்டினால், அதட்டுவதற்கு முன் என்னவென்று பாருங்கள். நான் பார்க்கக் கொஞ்சம் தாமதித்தேன். அவள் பொறுமையாக இன்னொரு முறை காட்டினாள்.