அண்ணன் இன்ஜினும் தம்பி இன்ஜினும்

பழைய பொம்மை ரயில் இன்ஜினுக்குள் டிகோடர் வைக்கிற தொழிலில், இன்ஜினைத் திறப்பது சுலபம், இன்ஜின்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். மிக்ஸி, ரேடியோ, கைக்கடிகாரம் என்று அடுத்தவர் பொருளைப் பிரித்துப் பூட்டிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தேன். ஒரு நாள் அண்ணன் தம்பி இருவரின் வேலை வந்தது. அவர்களுடைய அப்பா மில்லுக்கு மெஷின் வாங்க ஜெர்மனிக்குப் போனபோதெல்லாம் பொம்மை ரயில் வாங்கி வந்து, தொண்டாமுத்தூர் வீட்டு மாடியில் தண்டவாளம் போட்டு ஓட்டியவர். அவருக்குப் பிறகு பாகம் பிரித்தார்கள். உடுமலைப்பேட்டையில் எண்ணெய் மில் வைத்திருக்கும் பெரியவருக்கு ஒரு இன்ஜின், நூல் மில் பார்க்கும் சின்னவருக்கு ஒரு இன்ஜின், தண்டவாளம் மட்டும் பொது. அதோடு பேச்சும் நின்றுவிட்டது.

தண்டவாளத்தில் கரண்ட் விட்டால் அதில் நிற்கிற எல்லா இன்ஜினும் ஓடும். தன் வண்டியை அடுத்தவன் ஓட்டுவதா? டிகோடர் வைத்தால் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு வரும் கட்டளையை மட்டும் அது கேட்கும். ஜெர்மனி போன ஒருவர் மூலம் கட்டளை அனுப்ப ஆளுக்கொரு கன்ட்ரோலும் மூன்று டிகோடரும் வந்தன, டிகோடரில் ஒன்று உபரி. அவர்களுடைய அம்மா கெடு வைத்துவிட்டார். "பொங்கலன்னிக்கு ரெண்டு வண்டியும் ஒண்ணா ஓடோணுங்க. இல்லீன்னா தண்டவாளத்தைப் பேத்துப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

எடை

பழைய இன்ஜினுக்குள் காலி இடமே இருக்காது. சக்கரம் வழுக்காமல் இருக்க ஈயக்கட்டியை அடைத்து வைத்திருப்பார்கள். டிகோடர் தீப்பெட்டியில் பாதி அளவு. அதற்கு இடம் பண்ண ஈயத்தில் ஒரு ஓரத்தை அறுத்து எடுத்தேன். ஒரு நாள் முழுக்க ராவியதில் விரலெல்லாம் கறுப்பு.

பெரியவர் இன்ஜினைக் கையில் வாங்கினார், ஒரு முறை தூக்கிப் பார்த்தார், நேராகத் தராசில் வைத்தார். தேங்காய் யாவாரத்தில் அவருக்கு எதுவும் எடை போடாமல் ஆகாது. என்னிடம் கொடுக்கும்போதே எடை போட்டுக் குறித்து வைத்திருந்திருக்கிறார். நான் ஈயத்துண்டு வைத்திருந்த பொட்டலத்தைத் தேடுவதற்குள் சொன்னார்:

"ஏனுங்க தம்பி, நாப்பது கிராம் கொறையுதுங்களே. இதென்ன கொப்பரையா, காஞ்சு போறதுக்கு?"

மெக்கர்

டிகோடர் வைக்கும்போது மோட்டாருக்கும் இன்ஜின் உடம்புக்கும் துளிகூடத் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் டிகோடர் எரிந்துவிடும். சின்னவர் இன்ஜினில் இதற்காகவே நாலு நாள் உட்கார்ந்து, பிளாஸ்டிக் வாஷர் வெட்டி வைத்து, தொடர்பைப் பிரித்தேன். கொடுக்கும்போது அதை அவரிடம் பெருமையாகச் சொல்லியும் தொலைத்தேன்.

அவருக்குச் சந்தேகம். மில் வயர்மேனைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார். வயர்மேனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். பெரிய பெரிய மில் மோட்டார்களில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மெக்கரைக் கொண்டுவந்து, ஒயரை மாட்டி, கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறார். ஐநூறு வோல்ட். உபரி டிகோடரை அன்றே அதற்குள் வைக்க வேண்டியதாயிற்று. நான் போனபோது வயர்மேன் திருப்தியாக நின்றுகொண்டிருந்தார்.

"இன்சுலேசன் பக்காவா இருக்குதுங்க தம்பி. கருகுன வாசம்தான் எங்கிருந்து வருதுன்னு தெரியலீங்க."

எண்ணெய்

மார்கழி பிறந்ததும் உடுமலைப்பேட்டையிலிருந்து பெரியவரின் போன் வந்தது. "காத்தால வண்டி நகரவே மாட்டேங்குதுங்க." பஸ் பிடித்துப் பதினோரு மணிக்குப் போய், ஓட்டிப் பார்க்க நான் கொடுத்திருந்த துண்டுத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தால் ஜம்மென்று ஓடுகிறது. திரும்பி வந்தேன். மறுநாள் மறுபடி போன், மறுபடி பஸ், மறுபடி ஜம்மென்று ஓட்டம். டிகோடரில்தான் கோளாறோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் போனால் வேறு இல்லையே.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸிலேயே போய் இன்ஜினைத் திறந்தேன். பல்சக்கரத்துக்கு நடுவே வெள்ளைவெளேரென்று வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. தன் மில்லில் ஆட்டிய தேங்காயெண்ணெயை விட்டிருக்கிறார். வெயில் ஏறினால் உருகும், வண்டி ஓடும். இதுக்கெல்லாம் மெஷின் ஆயில்தானுங்க விடணும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

"கலப்படம் இருந்தா இப்பிடி உறையுமுங்களா? இதை நாலு பேருகிட்டச் சொல்லுங்க தம்பி."

ஒண்ணாம் நம்பர்

கடைசியில் நம்பர் போடுகிற வேலை. "மூத்தவன் நாந்தானுங்க, ஒண்ணாம் நம்பர் எனக்கு" என்றார் பெரியவர். "சரிங்க" என்றேன். மறுநாள் சின்னவர், "அப்பா மொதல்ல வாங்குனது என்ற இன்ஜினைத்தானுங்க. ஒண்ணைத் தவிர எதையும் போட்டுப்போடாதீங்க" என்றார். அவரிடமும் "சரிங்க" என்றேன். எதிரில் நிற்பவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாயே வராது.

இருவருக்கும் ஒண்ணே போட்டேன். ஒருவர் இன்ஜின் இருக்கும் இடத்துக்கு மற்றவர் இன்ஜின் வராது என்பதால் தனித்தனியாக ஓட்டிக் காட்டினேன், இருவருக்கும் திருப்தி. பொங்கலன்று நேரத்தோடு போய், யாரும் பார்க்காமல் ஒரு இன்ஜினின் நம்பரை மட்டும் இரண்டாக மாற்றிவிடலாம் என்று திட்டம். கடை முதலாளியிடம் சொன்னேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேருகிட்டயும் சரீன்னு சொல்லிப்போட்டியா? அப்பப் பொங்கலுக்கு நீ மட்டும் போயிட்டு வா சாமி, நான் வரல."

பொங்கல்

தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஆளைவிடக் கரும்பு அதிகம், ஏற்றி இறக்கிப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. நான் மாடி ஏறும்போது இரண்டு இன்ஜினும் தண்டவாளத்தில் நின்றன. அண்ணன் ஒரு மூலையில், தம்பி ஒரு மூலையில், கையில் ஆளுக்கொரு கன்ட்ரோல். நடுவில் நாற்காலி போட்டு அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் திருகினார்.

இரண்டு இன்ஜினும் கிளம்பின. ஒரே வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. டிகோடரே வைக்காமல் விட்டிருந்தாலும் அவை இப்படித்தான் ஓடியிருக்கும்.

சின்னவர் தன் கன்ட்ரோலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அண்ணா, உங்குளுது எந்த நம்பருங்க?"

"ஒண்ணுடா. உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுதானுங்க."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எதைக் கேட்டாலும் சரிங்க சரிங்கன்னான்டா."

"எங்கிட்டயும் அதேதானுங்கண்ணா. ஆளைப் பார்த்தா எவ்வளவு அடக்கமா இருக்கறான் பாருங்க."

பத்து நிமிஷம் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துத் திட்டினார்கள். ஈயம் அறுத்தது முதல் எல்லாம் வந்தது. அஞ்சே நிமிஷத்தில் நம்பரை மாற்றிவிடுகிறேனுங்க என்று இன்ஜினை எடுக்கக் குனிந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல கை வெக்காதீங்க கண்ணு. ஒண்ணரை வருசமா இவன் சொன்னதை அவங்கிட்டயும், அவன் சொன்னதை இவங்கிட்டயும் சொல்லிச் சொல்லி என்ற தொண்டையே போச்சு. இப்பிடியே ஓடட்டும்."

மூன்று மாதம் சரியாகச் செய்த வேலைக்கெல்லாம் திட்டு வாங்கிய எனக்கு, தப்பாகச் செய்த ஒரே வேலைக்குத்தான் ஒரு தூக்குப்போசி நிறையப் பொங்கல் கிடைத்தது.